தடைக்காலத்து 61 நாளில் ஒரு சான்றிதழ் வாங்கிவிடுங்கள்

ஏப்ரல் 15 வந்தால் மீன்பிடித் தடைக்காலம் என்று விசைப்படகுகளை நிறுத்திவிடுவார்கள். ஜூன் 14 வரை பாம்பன், மண்டபம் பக்கம் வலை தைப்பதும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதும்தான் ஓடும். அந்த 61 நாளில் பாதியையாவது ஒரு பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள் என்று எங்கள் தெருவில் ஒவ்வொரு வருடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எப்படி என்று இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில், தெரியாத தொழிலைத் தேடி ஓடாதீர்கள். கை பழகியதற்குப் பக்கத்தில் இருப்பதை எடுங்கள். எஞ்சின் சத்தத்தை வைத்தே டீசல் பீய்ச்சும் நாசில் அடைத்திருக்கிறதா, டீசலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சொல்லிவிடுகிற படகு டிரைவருக்கு டீசல் மெக்கானிக் வேலை புதிதா என்ன? அவரிடம் இல்லாதது காகிதம் மட்டும்தான். இப்படி அனுபவத்தில் கற்றவர்களைச் சோதித்துச் சான்றிதழ் தருவதற்கு முன்கற்றல் அங்கீகாரம் என்று ஒரு வழி இருக்கிறது. ராமநாதபுரத்தில் இருக்கும் மாவட்ட வேலைவாய்ப்பு மையத்துக்கு நேரில் போய், எந்தத் தொழிலுக்கு எப்போது நடக்கிறது என்று கேளுங்கள். போனில் கேட்டால் பாதிப் பதில்தான் வரும்.

பெண்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். விரல் நுனியில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்து என்கிற கடல்பாசி எடுக்கிற அக்காக்களுக்குக் காற்று, நீரோட்டம், பாறை எல்லாம் அத்துப்படி. ஆனால் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா ஆகிவிட்டதால், போகிற இடமெல்லாம் பயந்து பயந்துதான் போக வேண்டியிருக்கிறது. மூங்கில் மிதவையில் பாசி வளர்ப்பது அவர்களுக்குச் சரியான அடுத்த படி. கயிற்றில் விதைப்பாசியைக் கட்டி மிதக்கவிட்டால் சுமார் 45 நாளில் அறுவடை. மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி ஆய்வு நிலையமும் இருக்கின்றன, அங்கே பயிற்சி கேளுங்கள். தனியாகப் போவதைவிட மகளிர் குழுவாகப் போனால் நல்லது. ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: 2013-ஐ ஒட்டி, மிதவையில் வளர்க்கிற, ‘பெப்சி பாசி’ என்று நம் பக்கம் சொல்கிற பாசி மொத்தமாக அழுகி, அதையே நம்பியிருந்த வீடுகள் தவித்துப்போயின. வளர்ப்பதோடு நிற்காமல், காயவைப்பது, தரம் பிரிப்பது, பாசி உரம் தயாரிப்பது ஆகியவற்றையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள்.

பத்தாவதோடு நின்றுவிட்ட பிள்ளைகளுக்கு அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. வெல்டர் பிரிவுக்கு எட்டாவது போதும். பயிற்சிக் கட்டணம் கிடையாது, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பஸ் பாஸ், சைக்கிள் எல்லாம் உண்டு. பெண்களுக்கு வயது உச்சவரம்பு இல்லை என்பது நிறைய பேருக்குத் தெரியவில்லை, கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவரும் சேரலாம். விண்ணப்பம் வாங்குவதும் அனேகமாகத் தடைக்காலத்தை ஒட்டித்தான் வரும்.

மாற்றுத்திறனாளி யாராவது வீட்டில் இருந்தால் அவருக்கான தனித்துவ அடையாள அட்டையை முதலில் எடுங்கள். இட ஒதுக்கீடு, கடன், உதவித்தொகை எது கேட்டாலும் அதைத்தான் கேட்பார்கள். படகில் ஏற முடியாதவர் என்று ஒதுக்கிவைத்த ஒரு தம்பி செல்போன் பழுதுபார்க்கக் கற்றுக்கொண்டு இன்று வீட்டு வாசலிலேயே மேசை போட்டு உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்க்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சொந்தமாகத் தொழில் தொடங்க நினைத்தால், மாவட்ட முன்னோடி வங்கி நடத்தும் கிராமிய சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனத்தைப் பாருங்கள். பயிற்சியும் சாப்பாடும் இலவசம், முடித்தபின் கடனுக்கும் வழிகாட்டுவார்கள்.

கீழக்கரை, தொண்டிப் பக்கமிருந்து வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு: சான்றிதழோடு போகிறவருக்கும் வெறுங்கையோடு போகிறவருக்கும் சம்பளம் ஒன்றாக இருக்காது. ஏஜென்ட் அரசிடம் பதிவு பெற்றவர்தானா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பார்க்காமல் பணமோ பாஸ்போர்ட்டோ கொடுக்கக் கூடாது. தமிழக அரசே நடத்தும் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது.

அப்புறம் காகிதங்கள். ஆதார், வங்கிப் புத்தகம், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், மீனவர் நலவாரிய அட்டை எல்லாவற்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று மார்ச் மாதமே பாருங்கள். அப்பா பெயரில் ஒரு எழுத்து மாறியிருந்தாலும் திருத்த நாளாகும், அதற்குள் ஜூன் வந்துவிடும்.