ஏர் ரைபிளுக்கு வேறு பெல்லட் மாற்றும்போது

ஓசூரிலோ தருமபுரியிலோ பத்து மீட்டர் ஏர் ரைபிள் பழகுகிறவருக்கு, வழக்கமாகச் சுடும் பெல்லட், அதாவது சிறு ஈயக் குண்டு, தீர்ந்து, கடையில் வேறு டப்பாதான் இருக்கிறது என்ற நிலை அடிக்கடி வரும். அப்போது டப்பாவின் மேலிருக்கும் பெயரையோ விலையையோ நம்பி மாற்றிவிடக் கூடாது. எந்தப் பெல்லட் ஒத்துவரும் என்பதை உங்கள் ரைபிளின் குழல்தான் சொல்லும்.

முதலில் வடிவத்தைப் பாருங்கள். காகித இலக்குக்குத் தட்டைத் தலை பெல்லட்டே வேண்டும். உருண்டைத் தலை காகிதத்தைக் கிழிப்பதால் புள்ளியைக் கணிப்பதில் சண்டை வரும். இரும்புக் குண்டுகளை அறவே தொடாதீர்கள், அவை குழலின் உட்பள்ளங்களைத் தேய்த்துவிடும். 4.5 மில்லிமீட்டர் ரைபிள் பெல்லட் ஏறத்தாழ 0.53 கிராம் இருக்கும்; பிஸ்டலுக்கானது அதைவிட இலகுவானது. டப்பாவில் 4.49, 4.50, 4.51 என்று அச்சிட்டிருப்பது தலையின் விட்டம். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குதானே என்று எண்ண வேண்டாம், ஒரே நிறுவனத்தின் ஒரே பெல்லட்டில் இந்த அளவு மட்டும் மாறியே குழு, அதாவது ஒரே குறியில் சுட்ட துளைகளின் கூட்டம், விரிந்துபோவதுண்டு.

சோதனைக்கு ரைபிளை வைஸில் (மேசையில் பொருத்தும் இறுக்கிப் பிடிக்கும் கருவி) துணி சுற்றிப் பிடிக்க வைப்பது நல்லது. இல்லையென்றால் மணல் மூட்டையின் மேல் சாய்த்துச் சுடலாம், ஆனால் அப்போது உங்கள் கைப்பிழையும் கணக்கில் சேரும். புதிய பெல்லட்டில் முதல் பதினைந்து இருபதைக் கணக்கில் சேர்க்காமல் சுட்டுவிடுங்கள், ஏனெனில் பழைய ஈயப் படிவு மாறிக் குழல் புதியதற்குப் பழக வேண்டும். பிறகு பத்துப் பத்தாக ஐந்து குழுக்கள். இடையில் குறிநோக்கியைத் திருப்பக் கூடாது. குழு இலக்கின் நடுவில் விழாவிட்டால் பாதகமில்லை, இறுக்கமாக இருக்கிறதா என்பதே கேள்வி. நடுவுக்குக் கொண்டுவருவது பிறகு இரண்டு திருகு வேலை. அழுத்தக் காற்றுச் சிலிண்டர் வகை ரைபிளில் எல்லாச் சோதனையையும் ஒரே அழுத்த அளவில் தொடங்குங்கள்.

அளப்பதற்கு ஒரு கணக்கு உதவும். இலக்கின் நடுவில் பத்து மதிப்பெண்ணுக்கான புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம். பெல்லட்டின் ஓரம் அதைத் தொட்டாலே பத்து. எனவே துளையின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் போதும், ஒவ்வொரு கால் மில்லிமீட்டர் நெருங்குவதற்கும் 0.1 கூடி 10.9 வரை செல்லும். ஆகவே துளைகளின் வெளிவிளிம்பு 9.5 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் அடங்கும் குழு, நடுவுக்குக் கொண்டுவந்த பிறகு பத்தை இழக்காது. மிகச் சிறந்த ஒரு குழுவைக் காட்டி மகிழாமல் ஐந்தின் சராசரியை எடுங்கள். மோசமான குழுவை எண்ணாமல் விட்டு நான் ஒருமுறை இரண்டு டப்பாவை வீணாய் வாங்கினேன்.

தொப்பூர் கணவாய் வழியாகச் சேலத்துக்குப் பயணப்படுகிறவர்கள் டப்பாவில் பாதி காலியாக வைத்திருந்தால் பஞ்சு திணியுங்கள், குலுக்கலில் பெல்லட்டின் பின்பாவாடை (பின்பக்க மெல்லிய விளிம்பு) நசுங்கும். நசுங்கியதை ஒதுக்குங்கள். ஸ்பிரிங் ரைபிளில் பெல்லட்டுக்கு எண்ணெய் பூசாதீர்கள், உள்ளே அது பற்றிக்கொண்டு வெடிக்கும். ஈயத்தைத் தொட்ட கையோடு சாப்பிட வேண்டாம்.

ஒத்துவந்த பெல்லட் கிடைத்ததும், டப்பாவின் அடியிலிருக்கும் தொகுப்பு எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் பருவம் முழுவதுக்கும் வாங்கி வையுங்கள்.