ஜெர்மனிக்குப் படிக்க வருகிறீர்களா? லேப்டாப்பில் ரேம் ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்

ஆகஸ்ட் பிறந்துவிட்டால் ஊரிலிருந்து தம்பி தங்கைகளின் செய்திகள் வர ஆரம்பித்துவிடும். விசா வந்துவிட்டது, டிக்கெட் போட்டாச்சு, அடுத்த கேள்வி லேப்டாப். “அண்ணா, முந்நூறு யூரோவுக்கு எடை குறைவான ஒன்று பார்த்தேன், படிக்க அது போதுமா? இல்லை, திரையை முழுசாகத் திருப்பிப் பேனாவால் எழுதுகிற கன்வர்ட்டிபிள் வாங்கட்டுமா? அது எழுநூறு, எண்ணூறு சொல்கிறார்கள்.” ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி முடியவில்லை. அதனால் மொத்தமாக இங்கே எழுதுகிறேன்.

மற்ற வேலைகள் உங்களுக்கே தெரியும். வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் அன்மெல்டுங் என்கிற முகவரிப் பதிவு, அந்தத் தாளை வைத்து வங்கிக் கணக்கு, காப்பீடு, பல்கலைக்கழகச் சேர்க்கை, அப்புறம் விசா முடிவதற்குள் தங்கும் அனுமதி. இவற்றுக்கெல்லாம் சீனியர்கள் பட்டியலே வைத்திருப்பார்கள், கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். லேப்டாப்பை மட்டும் யாரும் பட்டியலில் சேர்ப்பதில்லை. எனக்கு 299 யூரோவும் முதல் செமஸ்டரில் பாதியும் போனது அதில்தான்.

நான் 2022 அக்டோபரில் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் நகரத்துக்கு வந்தேன். படிப்பு மெக்கானிக்கல். விசாவுக்காகப் பணம் போட்டு வைக்கும் ஸ்பெர்கோண்டோவில் (முடக்கக் கணக்கு) எவ்வளவு போட்டிருந்தாலும் மாதாமாதம்தான் பணம் வெளியே வரும். இப்போது மாதம் 992 யூரோ, அப்போது 861. முதல் மாதத்திலேயே அறைக்கு முன்பணம், வாடகை, குளிர்காலச் சட்டை, குக்கர் என்று போய்விடும். கையில் மிச்சமிருந்ததைப் பார்த்துத்தான் நகரத்தில் ஒரு பெரிய கடைக்குள் நுழைந்தேன். 14 அங்குலத் திரை, 1.3 கிலோ எடை, 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு, விலை 299 யூரோ. “படிக்கிறவர்களுக்கு இது தாராளம்” என்றார் கடைக்காரர். நானும் தலையாட்டினேன், ஏனென்றால் என் மனதில் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெரு இருந்தது.

சென்னையில் படித்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பிளஸ் டூவில் அரசு கொடுத்த இலவச லேப்டாப்தான் என் முதல் கணினி. அது மெதுவாகிப் போனபோது சிந்தாதிரிப்பேட்டையில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்து போனேன். மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை போட்டு உட்கார்ந்திருந்த அண்ணன் பின்மூடியைக் கழற்றி, ரேம் கூடப் போட்டு, பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு அதைவிட வேகமான எஸ்எஸ்டி மாட்டிக் கொடுத்தார். எல்லாம் ஒரு டீ குடிக்கும் நேரத்தில். அதை வைத்தே பி.இ. நான்கு வருடமும் ஓட்டினேன். கிளம்பும்போது தங்கைக்குக் கொடுத்துவிட்டு வந்தேன், இன்னும் ஓடுகிறது. நமக்கு லேப்டாப் என்றால் அதுதான் கணக்கு: இப்போதைக்குக் குறைந்த விலையில் வாங்கு, கையில் காசு வரும்போது ஏற்றிக்கொள். இந்தக் கணக்கோடு இங்கே கடைக்குள் போகாதீர்கள்.

இரண்டாவது வாரத்திலேயே தொல்லை தொடங்கியது. விண்டோஸ் 11க்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் குறைந்தபட்சத் தேவையே 4 ஜிபி ரேமும் 64 ஜிபி சேமிப்பும்தான். அதாவது அந்தப் பெட்டி விண்டோஸ் திறக்கும் அளவுக்கு மட்டும் போதும், அதற்கு மேல் ஒரு வேலையும் தாங்காது. அப்டேட் வந்தால் இடமில்லை என்று நிற்கும். வகுப்பு வீடியோவையும் பாடத்தின் பிடிஎஃப்பையும் சேர்த்துத் திறந்தால் உறைந்துவிடும். வரைபட மென்பொருளை நிறுவக்கூட இடமில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு வீடியோவில் பேசும்போது அம்மா முகம் அப்படியே நின்றுவிடும், குரல் மட்டும் வரும். “சாப்பிட்டியா”வுக்குப் பதில் சொல்வதற்குள் அதுவும் நின்றுவிடும். புது ஊரில் முதல் குளிர்காலம், நாலரை மணிக்கே இருட்டு. அந்த நேரத்தில் இது எவ்வளவு வலிக்கும் என்பது வந்து பார்த்தால்தான் தெரியும்.

ரேம் போட்டால் சரியாகிவிடும் என்று 8 ஜிபி துண்டு ஒன்றை ஆன்லைனில் வரவழைத்தேன். அறையில் உட்கார்ந்து பின்மூடியின் திருகுகளைக் கழற்றினேன். உள்ளே ரேம் மாட்டும் ஸ்லாட்டைக் காணோம். படம் எடுத்து ரிச்சி தெரு அண்ணனுக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். உடனே பதில் வந்தது: “தம்பி, இதுல ஸ்லாட்டே இல்லையே. போர்டுலயே வச்சு ஒட்டிட்டான். டிஸ்க்கும் அப்படித்தான். இதைத் திறக்காதீங்க, மூடிருங்க.”

மெல்லியதாகவும் எடை குறைவாகவும் இருக்க வேண்டும், பேட்டரியும் குறைவாகச் செலவாக வேண்டும் என்பதற்காக ரேம் சில்லுகளைத் தாய்ப்பலகையிலேயே (மதர்போர்டு) பற்றவைத்துவிடுகிறார்கள். எல்பிடிடிஆர் என்று தொடங்கும் ரேம் என்றால் கிட்டத்தட்ட எப்போதும் இப்படித்தான். சேமிப்பு இஎம்எம்சி என்று போட்டிருந்தால் அதுவும் பலகையோடு ஒட்டியது, எஸ்எஸ்டியைவிட வேகமும் குறைவு. ஜெர்மன் விவரக்குறிப்பில் “ஃபெஸ்ட் ஃபெர்லோடெட்” என்று எழுதியிருப்பார்கள், அசைக்க முடியாதபடி பற்றவைத்தது என்று பொருள். நாம் ஊரில் எஸ்ஓஎம் (ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்) என்று படித்த பாடத்துக்கு இங்கே ஃபெஸ்டிக்கைட்ஸ்லேரே என்று பெயர், அதிலும் அதே ஃபெஸ்ட்தான். இந்தச் சொல்லை நான் பாடத்தில் கற்றுக்கொள்வதற்கு முன்னால் லேப்டாப்பில் கற்றுக்கொண்டேன். கடையின் விலை அட்டையில் அந்தச் சொல் இல்லை. 4 ஜிபி என்று மட்டும் இருந்தது. அதில் பொய் ஒன்றும் இல்லைதான். ஆனாலும் வெளியூரிலிருந்து வந்து நிற்கும் ஒரு மாணவனிடம் “இதைப் பின்னால் ஏற்ற முடியாது” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற கோபம் எனக்கு இன்றும் இருக்கிறது.

கடையில் ஏற்கெனவே காட்சிக்கு வைத்திருக்கும் பெட்டியிலும் இதைப் பார்த்துவிடலாம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மெமரி பகுதியைத் திறந்தால் ஸ்லாட் எத்தனை, வடிவம் என்ன என்று காட்டும். வடிவம் என்ற இடத்தில் எஸ்ஓடிம் என்று இருந்தால் கழற்றி மாற்றலாம், “ரோ ஆஃப் சிப்ஸ்” என்று இருந்தால் ஒட்டியது. ஒரு நிமிட வேலை இது. ஸ்லாட் எண்ணிக்கை மட்டும் சில சமயம் தப்பாகக் காட்டும், வடிவத்தை நம்புங்கள்.

சரி, திருப்பிக் கொடுக்கலாமே என்பீர்கள். மூன்றாவது வாரம் ரசீதோடு போனேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், ஆனால் வாங்க மறுத்துவிட்டார்கள். இங்கே பல பேர் தப்பாகப் புரிந்துகொள்ளும் சட்டம் இது, கவனமாகப் படியுங்கள். ஆன்லைனில் வாங்கினால் பொருள் கைக்கு வந்த நாளிலிருந்து 14 நாளுக்குள் காரணமே சொல்லாமல் வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாம், விடர்ரூஃப் என்பார்கள். கடையில் நேரில் போய் வாங்கியதற்கு அந்த உரிமை கிடையாது. பிடிக்கவில்லை என்று திரும்ப எடுத்துக்கொள்வது கடையின் தயவு. இரண்டு வருடம் கெவேர்லைஸ்டுங் (விற்றவரின் சட்டப் பொறுப்பு) இருக்கிறதே என்றால், அது பழுதுக்கு. மெதுவாக ஓடுவது பழுது இல்லை, 4 ஜிபி என்று சொல்லி 4 ஜிபிதான் கொடுத்தார்கள். நம் ஊரில் கடைக்காரரிடம் உட்கார்ந்து பேசி, வித்தியாசத்தைக் கொடுத்து வேறு மாடல் மாற்றிக்கொள்வோம். இங்கே அந்தப் பேச்சுக்கே இடம் இருக்கவில்லை. அதனால் கடைக்குப் போய்த் தொட்டுப் பாருங்கள், தூக்கிப் பாருங்கள், ஆனால் ஆன்லைனில் வாங்குங்கள். சில கடைகள் தாமாகவே திரும்ப எடுக்கும் நாட்களைத் தருகின்றன. அப்படியென்றால் பணம் கட்டும் முன் ரசீதில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். என் பதில்: கணக்கும் வரைபடமும் உள்ள படிப்பு என்றால் கன்வர்ட்டிபிள், 16 ஜிபி ரேமுக்குக் குறையாமல். அதிலும் ரேம் பெரும்பாலும் ஒட்டியதாகத்தான் இருக்கும். பரவாயில்லை, தொடக்கத்திலேயே போதுமான அளவு இருந்தால் ஒட்டியது உங்களை ஒன்றும் செய்யாது. 8 ஜிபி ஒட்டியது, விலை குறைகிறது என்று ஆசைப்படாதீர்கள்.

பேனா ஆடம்பரம் என்று நானும் நினைத்தேன். இங்கே பேராசிரியர் பாடப் பக்கங்களைப் பிடிஎஃப்பாகப் போட்டுவிடுவார், வகுப்பில் அதன் மேலேயே வரைந்து விளக்குவார். நீங்கள் தட்டச்சில் சமன்பாடு அடித்து முடிப்பதற்குள் அவர் மூன்று பக்கம் தாண்டியிருப்பார். அச்செடுத்து எழுதினால் செமஸ்டருக்கு ஒரு மூட்டை காகிதம். நான் இப்போது ஜூர்னல் பிளஸ் பிளஸ் என்ற இலவச மென்பொருளில் அதே பக்கத்தின் மேல் எழுதுகிறேன். ஜெர்மன் சொல்லுக்கு ஓரத்தில் தமிழில் பொருள் எழுதிக்கொள்வேன். தேர்வுக்கு முந்தின நாள் அந்த ஓரங்களைப் படித்தாலே பாதி பாடம் வந்துவிடும்.

கன்வர்ட்டிபிளிலும் குறை உண்டு. பேனா பல மாடல்களில் தனியாகத்தான் வாங்க வேண்டும், எல்லாப் பேனாவும் எல்லாத் திரையிலும் எழுதாது. தொடுதிரை உடைந்தால் கண்ணாடியை மட்டும் மாற்ற முடியாமல் முழுத் திரையையும் மாற்றச் சொல்வார்கள், அது பெரிய செலவு. எடையும் ஒன்றரை கிலோ, சிலவற்றில் அதற்கு மேலும் போகும். ‘சக்தி வாய்ந்தது’ என்றாலும் தனி கிராஃபிக்ஸ் கார்டு பெரும்பாலும் இருக்காது. பெரிய சிமுலேஷன்களைப் பல்கலைக்கழகத்தின் பிசி பூலில் (மாணவர்களுக்கான பொதுக் கணினி அறை) ஓட்டுங்கள், அதற்குத்தான் வைத்திருக்கிறார்கள்.

கையில் நானூறுக்கு மேல் இல்லையா? அப்போதும் புதிய மலிவுப் பெட்டி வேண்டாம். நிறுவனங்கள் பயன்படுத்திவிட்டுக் கொடுத்த லேப்டாப்களைச் சரிபார்த்து விற்கும் கடைகள் ஜெர்மனியில் நிறைய. திங்க்பேட் டி480 போன்றவை கனம்தான், ஆனால் உள்ளே இரண்டு ரேம் ஸ்லாட் இருக்கும், எஸ்எஸ்டியையும் மாற்றலாம், விண்டோஸ் 11உம் ஓடும். ரிச்சி தெருக் கணக்கு செல்லுபடியாகும் ஒரே இடம் இதுதான். புரோகிராம் எழுதும் படிப்பு என்றால் பேனாவை மறந்துவிட்டு இதையே வாங்குங்கள். இன்டெல்லோ ஏஎம்டியோ இல்லாமல் ஸ்னாப்டிராகன் பிராசசர் உள்ள மெல்லிய மாடல்கள் பேட்டரியில் நன்றாக நிற்கின்றன, ஆனால் உங்கள் துறையின் மென்பொருளும் ஆய்வகக் கருவியின் டிரைவரும் அதில் ஓடுமா என்று துறையில் கேட்காமல் தொடாதீர்கள்.

ஊரில் ஏற்கெனவே நல்ல லேப்டாப் இருந்தால் அதையே கொண்டுவாருங்கள். சார்ஜர் பெட்டியில் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கும், மின்சாரம் பிரச்சினை இல்லை. நம் மூன்று முனை பிளக் மட்டும் இங்குள்ள சுவரில் நுழையாது. சார்ஜருக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் கேபிளை மட்டும் இங்கே சில யூரோவுக்கு மாற்றிவிடலாம். வாரண்டி இந்தியாவுக்கு மட்டுமா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஊர் லேப்டாப்பில் இன்னொரு வசதி விசைப்பலகை. இங்கே வாங்கினால் ஒய்யும் இசட்டும் இடம் மாறியிருக்கும், சதுர அடைப்புக்குறிக்கு ஆல்ட் ஜிஆரோடு 8, 9, நெளிவு அடைப்புக்குறிக்கு 7, 0. புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு ஒரு மாதம் விரல் தடுமாறும்.

2023இல் ஹீவி (பல்கலைக்கழகத்தில் மாணவ உதவியாளர்) வேலையில் சேர்த்த பணத்தில் கன்வர்ட்டிபிள் வாங்கினேன், ஆன்லைனில். முதலில் வந்ததில் பேனா எழுத்து கைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டே வந்தது. ஒன்பதாம் நாள் திருப்பி அனுப்பினேன், காரணம் யாரும் கேட்கவில்லை, பணம் வந்துவிட்டது. இரண்டாவதாக வந்தது 16 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி, 749 யூரோ. அதில்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். 299 யூரோப் பெட்டியில் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டு எங்கள் பொதுச் சமையலறையில் வைத்திருக்கிறோம். வேறு எதையும் திறக்காமல் இருந்தால் அம்மாவின் முகம் இப்போது அதில் நிற்காமல் வருகிறது. குழம்பு வைத்துக்கொண்டே பேசுகிறேன், உப்பு எவ்வளவு என்று அங்கிருந்து சொல்கிறார்.