சிறிய பாமசிக்கு மருந்துக் கொள்வனவுக் கணக்கு: எக்செல் தாளில் படிப்படியாக

திருகோணமலையில் டிஸ்பென்சரியோ சிறிய பாமசியோ நடத்துபவரின் பணம் பெரும்பாலும் றாக்கையில்தான் கிடக்கும். எந்த மருந்தில் எவ்வளவு கிடக்கிறது என்று பார்க்க ஒரு வருடப் பில்களும், விற்பனைப் பதிவும், எக்செல் தாளும் போதும்.

வரிக்கு ஒரு மருந்து எழுதுங்கள்: பொதுப்பெயர், வலு, வருடத்தில் கொடுத்த அலகுகள், ஓர் அலகின் கொள்விலை. கம்பனிப் பெயரில் பதிய வேண்டாம். நீரிழிவுக் குளிசையான மெட்போமினை, மூன்று கம்பனிகளினது என்று மூன்று வரியாக எழுதினால் பெரிய செலவொன்று சின்னச் சின்னதாய் உடைந்து கண்ணில் படாமல் போகும். அலகு என்றால் குளிசை, பெட்டி அல்ல. இந்த இரண்டும் கலந்தால் கணக்கே பிழைக்கும். போனஸாக இலவசக் குளிசைகள் கிடைத்திருந்தால், கொடுத்த பணத்தை அவையும் சேர்ந்த மொத்தத்தால் பிரியுங்கள்.

அலகுகளை விலையால் பெருக்கி, பெரிய தொகை மேலே வரும்படி வரிசைப்படுத்துங்கள். ஒவ்வொன்றும் மொத்தத்தில் எத்தனை வீதம் என்று கண்டு, மேலிருந்து கூட்டிக்கொண்டே வாருங்கள். 80 வீதம் வரை ஏ, 95 வரை பி, மிச்சம் சி. ஏ பிரிவில் சில மருந்துகளே இருக்கும். விலை பேசுவதையும் வாராந்த எண்ணிக்கையையும் அங்கே தொடங்குங்கள்.

இதோடு நிறுத்துவது ஆபத்து. உதாரணத்துக்கு, மொத்தக் கொள்வனவு 20 லட்சம் ரூபா. மெட்போமின் 20,000 குளிசை, தலா 5 ரூபா: ஒரு லட்சம், அதாவது 5 வீதம். அட்ரினலின் ஊசிமருந்து 12, தலா 150 ரூபா: 1,800, 0.1 வீதம்கூட இல்லை. பணக்கணக்கில் அது பட்டியலின் அடியில் கிடக்கும். ஆனால் கடும் ஒவ்வாமையில் மூச்சுத் திணறி வருபவருக்கு அந்த நிமிடமே வேண்டிய மருந்து அதுதான். ஆகவே இன்னொரு நிரல் சேர்த்து உயிர்காப்பு, அவசியம், தள்ளிப்போடலாம் என்று குறியுங்கள். வைத்தியரோடு இருந்து செய்ய வேண்டிய வேலை இது. உயிர்காப்பு மருந்து சி பிரிவில் இருந்தாலும் ஒருநாளும் தீர விடக்கூடாது. ஏ பிரிவில் ‘தள்ளிப்போடலாம்’ மருந்து இருந்தால் முதலில் அதைக் குறையுங்கள்.

அடுத்தது மாதத் தேவை. வருடத்தில் 18,000 குளிசை போயிருந்தால் மாதம் 1,500 என்று எழுதிவிடாதீர்கள். இடையில் 61 நாள் அந்த மருந்து கைவசம் இல்லையென்றால், 61ஐ 30.5ஆல் பிரிக்க 2 மாதம்; மருந்து இருந்தது 10 மாதம்தான். 18,000ஐ 10ஆல் பிரித்தால் வரும் 1,800தான் உண்மைத் தேவை. இதைத் திருத்தாவிட்டால் இந்த வருடத் தட்டுப்பாடு அடுத்த வருடமும் திரும்பி வரும்.

மாதம் 1,800 என்றால் நாளுக்கு 60. கொழும்பிலிருந்து பெட்டி வர 7 நாள், பிந்தினால் சமாளிக்கும் கையிருப்புக்கு 3 நாள் என்றால், 600 குளிசைக்கு இறங்கும்போதே கட்டளை போக வேண்டும். மாரியில் வெள்ளம் வீதியை மறிக்கலாம்; அப்போது 3 நாளை 7 ஆக்குங்கள். பரசிட்டமோல், ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் தூள்) இரண்டுக்கும் வருடச் சராசரியை விட்டு, போன மாரியின் ஒக்டோபர் முதல் ஜனவரி வரையான கணக்கையே எடுங்கள்.