உங்கள் கணினியிலேயே ஒரு வெப் சர்வர்

எச்டிஎம்எல் கோப்பை இரண்டு முறை சொடுக்கினால் பிரவுசரில் பக்கம் வந்துவிடும். சர்வரில் ஓடும் நிரல்மொழியான பிஎச்பியில் எழுதிய கோப்பை அப்படிப் பார்க்க முடியாது. பிரவுசருக்குள் இழுத்துப் போட்டாலும் நீங்கள் எழுதிய நிரல் வரிகள்தான் பல்லிளிக்கும். பிஎச்பியை இயக்கி, அதன் விளைவைப் பிரவுசருக்கு அனுப்ப நடுவில் ஒரு சர்வர் வேண்டும். பழகுவதற்காகக் காசு கொடுத்து ஹோஸ்டிங், அதாவது இணையத்தில் தளம் வைக்க இடம், வாங்கத் தேவையில்லை. விண்டோஸ் கணினியில் எக்ஸாம்ப் என்ற மென்பொருளைப் போட்டாலே போதும். அப்பாச்சி சர்வர், மரியாடிபி தரவுத்தளம், பிஎச்பி, பெர்ல் எல்லாம் ஒரே பொட்டலமாக, இலவசமாகக் கிடைக்கும்.

நிறுவுதல்

அப்பாச்சி ஃபிரண்ட்ஸ் தளத்தில் விண்டோஸுக்கான கோப்பை இறக்கி ஓடவிடுங்கள். எதெல்லாம் வேண்டும் என்று கேட்கும் இடத்தில் அப்பாச்சி, மைஎஸ்க்யூஎல், பிஎச்பி, தரவுத்தளத்தைப் பிரவுசரிலேயே கையாள உதவும் பிஎச்பி மைஅட்மின் நான்கும் போதும். மெர்க்குரி, டாம்கேட் போன்றவற்றின் டிக்கை எடுத்துவிடலாம். நிறுவும் இடத்தை மாற்றாதீர்கள், சி டிரைவில் எக்ஸாம்ப் ஃபோல்டராகவே இருக்கட்டும். புரோகிராம் ஃபைல்ஸுக்குள் வைத்தால் எழுதும் அனுமதி இல்லாமல் பிறகு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

ஓடவிடுதல்

எக்ஸாம்பின் கன்ட்ரோல் பேனலைத் திறந்து அப்பாச்சிக்கு நேரே உள்ள ஸ்டார்ட் பட்டனை அழுத்துங்கள். பெயர் பச்சையாகி, பக்கத்தில் 80, 443 என்று போர்ட் எண்கள் (சர்வருக்கு வேண்டுகோள்கள் வந்துசேரும் வாசல்களின் எண்கள்) தெரிந்தால் சர்வர் ஓடுகிறது. ஃபயர்வால் அனுமதி கேட்டால் பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் கொடுங்கள். மைஎஸ்க்யூஎல்லையும் அதேபோல் தொடங்குங்கள். பேனலில் அந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே ஓடுவது மரியாடிபிதான். குழம்ப வேண்டாம்.

இப்போது பிரவுசரின் முகவரிப் பட்டையில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஆங்கிலத்தில் அடியுங்கள். எக்ஸாம்பின் வரவேற்புப் பக்கம் வரும். 127.0.0.1 என்று அடித்தாலும் அதே பக்கம்தான். உங்கள் கணினி தன்னையே கூப்பிட்டுக்கொள்ளும் முகவரி அது.

அப்பாச்சி பச்சையாகாமல் சிவப்பு எழுத்தில் திட்டினால், பெரும்பாலும் 80-ஆம் போர்ட்டில் வேறொரு மென்பொருள் உட்கார்ந்திருக்கும். பேனலின் வலப்பக்கம் நெட்ஸ்டாட் பட்டனை அழுத்தினால் அது யார் என்று தெரியும். விண்டோஸின் சொந்த வெப் சர்வரான ஐஐஎஸ் ஆகவும் இருக்கலாம். அதை நிறுத்த மனமில்லையா? அப்பாச்சியின் கான்ஃபிக் பட்டனில் முதலாவதாக வரும் கோப்பைத் திறந்து, லிசன் 80 என்ற வரியில் 80-ஐ 8080 ஆக்குங்கள். சர்வர்நேம் என்று தொடங்கும் வரியிலும் அப்படியே. சேமித்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் கொடுங்கள். இனி முகவரியில் லோக்கல்ஹோஸ்டுக்குப் பின் ஒரு முக்காற்புள்ளியும் 8080-உம் சேர்க்க வேண்டும். 443-உம் சிக்கினால் அதே கான்ஃபிக் பட்டனில் வரும் எஸ்எஸ்எல் கோப்பில் 4433 என்று மாற்றலாம்.

உங்கள் தளத்தை வைக்கும் இடம்

எக்ஸாம்ப் ஃபோல்டருக்குள் எச்டிடாக்ஸ் என்று ஒன்று இருக்கும். அதற்குள் டெஸ்ட் என்று ஒரு ஃபோல்டர் போட்டு, உங்கள் கோப்பை இன்டெக்ஸ் என்ற பெயரில் பிஎச்பி பின்னொட்டுடன் வையுங்கள். நோட்பேடில் சேமிக்கும்போது 'ஆல் ஃபைல்ஸ்' தேர்ந்தெடுக்காவிட்டால் பெயரின் வாலில் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் 'நிரல் சரியாகத்தானே இருக்கிறது' என்று தலையைப் பிய்த்துக்கொள்வோம். லோக்கல்ஹோஸ்ட், ஒரு சாய்கோடு, டெஸ்ட் என்று அடித்தால் உங்கள் பக்கம் வரும். கோப்பைத் திருத்தினால் பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்தால் போதும், சர்வரை நிறுத்தித் தொடங்க வேண்டாம்.

தமிழில் தளம் செய்பவர்களுக்கு: கோப்பை, தமிழையும் தாங்கும் எழுத்துக் குறியாக்கமான யுடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள், எச்டிஎம்எல்லின் ஹெட் பகுதியிலும் அதையே குறிப்பிடுங்கள். பிஎச்பி மைஅட்மினில் தரவுத்தளம் உருவாக்கும்போது யுடிஎஃப்8எம்பி4 என்று தொடங்கும் கொலேஷனை (எழுத்துகளை ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் முறை) தேர்ந்தெடுங்கள். லத்தீன்1 ஆக இருந்தால் தமிழ் எழுத்துகள் வரிசையாகக் கேள்விக்குறிகளாகிவிடும்.

தரவுத்தளத்துக்குப் பயனர் பெயர் ரூட், கடவுச்சொல் எதுவும் இல்லை. வீட்டுக்குள் பழக இது சரி. இதே அமைப்பை இணையத்தில் திறந்துவிடாதீர்கள்.

வேலை முடிந்ததும் இரண்டையும் ஸ்டாப் செய்துவிட்டு க்விட் அழுத்துங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போதே கணினியை அணைத்தால் மைஎஸ்க்யூஎல் அடுத்த முறை கிளம்ப மறுக்கக்கூடும்.

நான் சூடுபட்ட ஒரு விஷயமும் உண்டு. என் கணினியில் அழகாக வந்த தளம், ஹோஸ்டிங்கில் ஏற்றியதும் ஒரு படம்கூடக் காட்டவில்லை. கேமரா படங்களின் பின்னொட்டு பெரிய எழுத்தில் இருந்தது, நான் நிரலில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தேன். விண்டோஸ் இரண்டையும் ஒன்றாகப் பார்க்கும், லினக்ஸ் சர்வர் பார்க்காது. அன்றிலிருந்து எச்டிடாக்ஸில் ஒரு கோப்பை வைக்கும்போதே பெயரை முழுக்கச் சின்ன எழுத்தாக மாற்றிவிடுகிறேன்.