நினைத்ததைக் கைக்குக் கொண்டுவருவது எப்படி: ஒரு தையற்கடைக் கனவை முன்வைத்து

சொந்தமாகத் தையற்கடை போடவேண்டும் என்ற நினைப்பு வன்னியில் மல்லாவியிலும் இருக்கிறது, கிளிநொச்சியிலும் இருக்கிறது, புதுக்குடியிருப்பிலும் இருக்கிறது. கண்ணை மூடிக் கடையையும் பெயர்ப்பலகையையும் வாசலில் நிற்கும் ஆட்களையும் தினமும் பார்த்தால் அது தானாக வந்து சேரும் என்று சொல்லும் காணொளிகளும் போனில் வந்தபடி இருக்கின்றன. கற்பனையால் பயன் உண்டு. ஆனால் எதைக் கற்பனை செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பெயர்ப்பலகையைப் பார்ப்பதால் சட்டைக்குக் கை பொருத்த வராது.

இங்கே தையலை எடுத்துக் காட்டுகிறோம். மோட்டார் சைக்கிள் திருத்தப் பழகுபவருக்கும் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைக்கும் முறை இதுவே.

முதலில் கொப்பியில் ஒரு வசனம்

"நல்ல தையற்காரியாக வரவேண்டும்" என்று எழுதினால் அதை வைத்து நாளைக்கு என்ன செய்வது என்று தெரியாது. என்ன பொருள், எத்தனை, எங்கிருந்து, எப்போதைக்குள் என்ற நான்கும் வசனத்தில் இருக்கவேண்டும். உதாரணமாக: "வருகிற தைப்பொங்கலுக்கு முதல், வீட்டு விறாந்தையில் இருந்து, கிழமைக்கு 4 சாரிச் சட்டை, திருத்தத்துக்குத் திரும்பி வராதபடி தைத்துக் கொடுப்பேன்." கடை, பலகை, இரண்டாவது மெசின் எல்லாம் அதற்குப் பிறகு.

திகதி போடும்போது வன்னியின் ஆண்டைப் பாருங்கள். மழையோடு காலபோகம் (மழைக்காலப் பெரிய நெற்போகம்) விதைக்கும் நாட்களிலும், தை கடைசியிலிருந்து பங்குனி வரையான அறுவடை நாட்களிலும் வயல் உள்ள வீட்டில் ஒருவருக்கும் ஓய்வு கிடையாது. ஆனால் நெல் விற்ற காசு ஊருக்குள் புழங்குவதும் அறுவடையை ஒட்டித்தான். தீபாவளி, பொங்கல், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், புது வகுப்புத் தொடங்கும் காலம் ஆகியவற்றுக்கு முன் தையல் வேலை குவியும். வயல் கேட்கும் கிழமைகளையும் வேலை குவியும் கிழமைகளையும் கலண்டரில் இரண்டு நிறத்தில் அடையாளமிட்டுவிட்டால் மிஞ்சுவதுதான் பழகும் காலம். பலருக்கு அது வைகாசி கழிந்து புரட்டாதி வரை. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் (குளத்து நீரில் செய்யும் இரண்டாவது நெற்போகம்) செய்பவர்களுக்கு அதற்குள்ளும் ஒரு அறுவடை வந்து விழும்.

பிறகு, போட்ட நாட்கணக்கை ஒன்றரை மடங்காவது ஆக்குங்கள். கனடாவில் செய்து 1994இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், பட்டப்படிப்பின் கடைசி வருட மாணவர்கள் தங்கள் ஆய்வேட்டை முடிக்கச் சராசரியாக 33.9 நாள் ஆகும் என்று சொன்னார்கள். ஆனது 55.5 நாள். சோம்பல் இதற்குக் காரணம் இல்லை. திட்டமிடும்போது மனம் எல்லாம் சரியாக நடக்கும் ஒரு நாளை மட்டும்தான் காட்டும். காய்ச்சல், செத்தவீடு, கரன்ட் வெட்டு எதுவும் அந்தப் படத்தில் வராது.

முடிவுக்கு ஒரு நிமிடம், வேலைக்கு ஐந்து நிமிடம்

இனிய முடிவை மட்டும் கற்பனை செய்வது ஆளைத் தளர்த்திவிடும். கப்ரியேல எட்டிங்கன் என்ற உளவியலாளர் இதைப் பல வருடங்கள் ஆராய்ந்தவர். அவரும் இன்னொருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வில், விரும்பியது கிடைத்துவிட்டதாகக் கனவு கண்டவர்களின் இரத்த அழுத்தம் இறங்கியது. உடல் வேலைக்கு ஆயத்தமாகாமல் ஓய்வுக்குப் போனது. 1999இல் கலிபோர்னியாவில் மாணவர்களிடம் செய்த இன்னொரு ஆய்வு எங்களுக்கு மிகவும் உதவக்கூடியது. பரீட்சைக்கு முந்திய நாட்களில் சிலர் தினமும் 5 நிமிடம், நல்ல புள்ளி எடுத்துவிட்டதாகக் கற்பனை செய்தார்கள். மற்றவர்கள் மேசையில் இருந்து, கொப்பியைத் திறந்து, படிப்பதைக் கற்பனை செய்தார்கள். அதிக நேரம் படித்ததும் கூடிய புள்ளி எடுத்ததும் இரண்டாவது கூட்டம்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். தைக்கும் அதே கதிரையில், கால் மெசின் மிதியில் இருக்க, ஊசியில் நூல் இல்லாமல் இருங்கள். முதல் ஒரு நிமிடம் முடிவு: சட்டை போட்டவர் இரண்டு கையையும் தூக்குகிறார், அக்குளில் இழுக்கவில்லை, முதுகில் கழுத்து எழும்பவில்லை. அதோடு நிறுத்திவிட்டு, அடுத்து செய்யப்போகும் வேலையை அது நடக்கும் வேகத்திலேயே பாருங்கள். துணியை மடிக்கிறீர்கள். எந்தப் பக்கம் மடிப்பு? சோக்கால் கைக்குழியை, அதாவது கை பொருத்தும் வளைவை, வரைகிறீர்கள். எந்தப் புள்ளியில் தொடங்குகிறது? கத்தரி எங்கே திரும்புகிறது? கைகளும் காற்றில் அசையட்டும். இடம், இருக்கும் விதம், வேகம் மூன்றும் உண்மையான வேலையை ஒத்திருந்தால்தான் இந்தப் பயிற்சி பிடிக்கும் என்பது விளையாட்டு உளவியலில் தெரிந்த விசயம்.

ஓர் இடத்தில் படம் மங்கும். வெட்டும் வரை தெளிவாக வந்து, கையைக் கைக்குழியில் வைக்கும் இடத்தில் "எப்படியோ தைத்து முடிகிறது" என்று மனம் தாண்டிவிடும். அந்த மங்கல்தான் இந்தப் பயிற்சியில் கிடைக்கும் பெரிய இலாபம். உங்களுக்குத் தெரியாத இடம் எது என்று அது சொல்கிறது. கொப்பியில் எழுதுங்கள். அடுத்த கிழமை பழகவேண்டியது அதைத்தான்.

மனதால் மட்டும் பழகுவது கையால் பழகுவதற்கு ஈடாகாது. 1994இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களின் முடிவும் அதுதான்: பலன் உண்டு, ஆனால் கைப்பழக்கத்தைவிடக் குறைவு. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீட்டவேண்டாம்.

ஒன்றைக் கட்டாயம் சொல்லவேண்டும். 2009இன் போரைக் கடந்து வந்த ஆட்களில் சிலருக்குக் கண்ணை மூடினால் வேறு படங்கள் வரும். அப்படியானவர்கள் கண்ணைத் திறந்தபடி, வெளிச்சத்தில், ஒரு முடிந்த சட்டையைக் கையில் வைத்துப் பார்த்தபடியே செய்யலாம். அப்போதும் வந்தால் இந்தப் பகுதியை விட்டுவிட்டு நேரே வேலைக்குப் போங்கள். குறைவு ஒன்றும் இல்லை. நித்திரையைக் கெடுக்கும் அளவுக்கு வந்தால் மாவட்ட வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம், அல்லது 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எடுக்கலாம்.

குறுக்கே நிற்பது என்ன

குளத்தில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்று விவசாயிகள் கூட்டத்தில் பார்த்துத்தான் சிறுபோகத்துக்கு ஏக்கர் பிரிக்கிறோம். ஆசைக்கும் அந்தக் கூட்டம் ஒன்று வேண்டும். விரும்பிய முடிவை எழுதிய அதே பக்கத்தில், அதற்குக் குறுக்கே நிற்பவற்றில் பெரியது ஒன்றை மட்டும் எழுதுங்கள். "மெசின் இல்லை" என்பதை எல்லாரும் முதலில் எழுதுவார்கள். வாழ்வாதார உதவியாக வந்த மெசின் சீலை போர்த்தியபடி மூலையில் நிற்கும் வீடுகளும் இருக்கின்றன என்பதை யோசித்துப் பார்த்தால், தடை வேறெங்கோ இருப்பது தெரியும். பிறத்தியார் துணியைக் கெடுத்துவிடுவேனோ என்ற பயம், பின்னேரம் போனை எடுத்தால் வைக்கமுடியாதது, சொந்தக்காரருக்குக் காசு கேட்க வாய் வராதது போன்றவைதான் பெரும்பாலும் உண்மையான தடைகள்.

இதை நேர்மையாகச் செய்தால் சில ஆசைகள் விழுந்துவிடும். கைக்குழந்தையும் ஆறு ஏக்கர் வயலும் உள்ள வருடத்தில் கடை சரிவராது என்று தெரிந்தால், அதை அடுத்த வருடத்துக்குத் தள்ளுவது நல்ல முடிவுதான். அரைமனதாய் ஆறு மாதம் இழுபடுவதை அது மிச்சப்படுத்துகிறது.

"அது நடந்ததும் இது செய்வேன்"

பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளரின் ஆய்வுகளில் இருந்து வந்த எளிய முறை இது. அவரும் இன்னொருவரும் 2006இல் 94 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, எப்போது, எங்கே, எப்படி என்று முன்கூட்டியே கட்டிவைத்தவர்கள் வெறும் உறுதி எடுத்தவர்களைவிடத் தெளிவாகக் கூடுதலாகச் செய்துமுடித்திருந்தார்கள்.

மணிக்கூட்டு நேரத்தைவிட ஒரு நிகழ்வோடு கட்டுவது எங்கள் வீடுகளுக்குப் பொருந்தும். "பின்னேரம் 4 மணிக்கு" என்றால் பஸ் பிந்தினாலே உடைந்துபோகும். "பிள்ளைகள் ரியூசனுக்கு வெளிக்கிட்டதும், விறாந்தையில் இருந்து ஒரு சோடி கை பொருத்துவேன்" என்றால் அவர்கள் எப்போது போனாலும் நிற்கும். தடைக்கும் ஒன்று எழுதுங்கள்: "கரன்ட் போனால், கொழுக்கியும் தெறியும் கையால் தைப்பேன்." "மாமி சும்மா தைத்துத் தரச்சொன்னால், 'பழகிறன் மாமி, நூல்காசு மட்டும் தாங்கோ, கிழமைக்கு ஒண்டுதான் எடுப்பன்' என்று சொல்லுவேன்." வாயில் வரவேண்டிய சொல்லையே எழுதிவைத்தால்தான் அந்த நேரம் வரும். மூன்றுக்கு மேல் எழுதினால் ஒன்றும் நினைவில் நிற்காது.

பழக்கமாவதற்கு 21 நாள் போதும் என்பதை நம்பவேண்டாம். லண்டனில் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வில் நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கும் வேலைக்கும் ஏற்ப அது 18 முதல் 254 வரை போகும் என்று கணித்தார்கள். இடையில் ஒரு நாள் தவறியது பெரிதாகப் பாதிக்கவில்லை.

கைத்திறன்

"தையல் பழகுகிறேன்" என்று முழுச் சட்டையாகத் தைத்துக்கொண்டிருந்தால், தெரிந்த வேலையையே திரும்பத் திரும்பச் செய்து, தெரியாத இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரே பிழையை விடுவோம். சட்டையைப் பிரியுங்கள்: அளவு எடுத்தல், வெட்டு, டார்ட் (உடலோடு படியப் பிடிக்கும் மடிப்பு), தோள், கழுத்து, கை, கொழுக்கிப் பட்டி. ஒரு நேரத்தில் ஒன்று. கை பொருத்துவது என்றால் பழைய சீலையில் 10 சோடி வெட்டி, அதை மட்டும் பொருத்துங்கள். 10இல் 8 சுருக்கம் இல்லாமல் வந்தபின் அடுத்ததற்குப் போகலாம். நாளுக்கு 45 நிமிடம் போதும். களைத்த கை பிழையைத்தான் பழகும்.

சட்டையின் கை எங்கே பிழையாகிறது? நாடாவை நிமிர்த்தி, தையல் கோட்டில் கைக்குழியைச் சுற்றி அளந்து, கையின் மேல் வளைவையும் அப்படியே அளங்கள். பருத்தித் துணியில் கை வளைவு அரை அங்குலத்திலிருந்து ஒரு அங்குலம் வரை கூடுதலாக இருக்கவேண்டும். அதைவிடக் கூடினால் தோளில் சுருக்கம் விழும். குறைந்தால் கையைத் தூக்கும்போது இழுக்கும். கையின் முன்பக்க வளைவு பின்பக்கத்தைவிட உள்ளே குழிந்திருக்கும். அடையாளம் வைக்காவிட்டால் இடக்கை வலப்பக்கம் போய், போட்டதும் முறுகி நிற்கும். வெட்டிய உடனேயே முன்பக்கத்தில் ஒரு சிறு வெட்டுக்குறி போடுங்கள்.

கழுத்து வாய் பிளப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அளவு இல்லை. வளைவாக வெட்டிய விளிம்பு கையாளும்போதே இழுபட்டுவிடுகிறது. வெட்டியதும் விளிம்புக்கு உள்ளே ஒற்றைத் தையல் ஒன்று ஓட்டிவிடுங்கள். பைப்பிங் பட்டியைத் துணியின் குறுக்கே, 45 பாகையில் வெட்டவேண்டும். நேராக வெட்டிய பட்டி வளைவில் படியாது. லைனிங் துணியைத் தண்ணீரில் ஊறவைத்துக் காயவிட்டே வெட்டுங்கள். இதை விட்டால் முதல் தோய்ப்பில் சட்டை உள்ளே சுருங்கி, வெளியே தொய்யும். குற்றம் உங்களுக்குத்தான் வரும்.

துணிக்கு அடியில் நூல் கொத்தாகச் சேர்ந்தால் பலர் பொபினைத்தான் (அடிநூல் சுற்றிய உருளை) திருகுவார்கள். மேல்நூல் இறுக்கத் தட்டுக்குள் இறங்காததே வழமையான காரணம். துணியை அழுத்தும் பாதத்தைத் தூக்கிவைத்து நூலை முதலிலிருந்து கோர்த்தால் சரிவரும். தையல் விட்டு விட்டு விழுந்தால் ஊசியை மாற்றுங்கள். மெல்லிய துணிக்கு 11, சீருடைத் துணிக்கு 14, ஜீன்சுக்கு 16.

கொப்பியில் பாராட்டை எழுதவேண்டாம், பிழையையும் காரணத்தையும் எழுதுங்கள். கிழமைக்கு ஒரு முறை, தெரிந்த ஒருவரிடம் கொண்டுபோய், "வடிவா இருக்கா?" என்று கேட்காமல், "அக்கா, இந்தத் தோளில ஏன் சுருக்கம் வருது?" என்று கேளுங்கள். முதற்கேள்விக்கு "வடிவுதான்" என்ற பதிலைத் தவிர வேறு வராது. பிறத்தியார் துணியை எடுக்குமுன் வீட்டு ஆட்களுக்கு ஐந்து சட்டை தைத்து, தோய்த்து, போட்டுப் பார்த்திருக்கவேண்டும்.

சான்றிதழ் தேவையென்றால் தேசிய தொழிற்தகைமை, அதாவது என்.வி.கியூ., 1 முதல் 7 வரை மட்டங்களில் இருக்கிறது. தனித்து வேலை செய்யக்கூடியவருக்கு 4ஆம் மட்டம். வகுப்புக்குப் போகாமல் வேலையிலேயே பழகியவர்கள், செய்துகாட்டித் தகைமை பெறும் வழியும் அதில் உண்டு. வாகனம், மின்சாரம் போன்றவற்றுக்குக் கிளிநொச்சி அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கிறது.

காசும் ஓடரும்

பழகும் காலத்தில் கிழமைத் தவணைக் கடன் எடுக்கவேண்டாம். ஓடர் மாதத்துக்கு ஒருமுறை வரும்போது தவணை கிழமைக்கு ஒருமுறை வரும். இரவல் மெசின், அல்லது பழைய மெசின் போதும். பழையதை வாங்கும்போது மெல்லிய துணியிலும் நான்காய் மடித்த சீருடைத் துணியிலும் தைத்துப் பார்த்தே காசைக் கொடுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கால் மணித்தியாலம் கொப்பியைப் பாருங்கள். இரண்டு கிழமை தொடர்ந்து தவறியிருந்தால், கட்டிய நிகழ்வு பிழை அல்லது வேலை பெரிது. ஒரு சோடிக் கையை ஒற்றைக் கையாகக் குறைத்துக்கொண்டு தொடருங்கள்.

ஓடர் எடுக்கத் தொடங்கியபின், ஒரு சட்டைக்கு உண்மையில் போகும் நேரத்தை மூன்று கிழமை எழுதிப் பார்த்து, அதைக்கொண்டே திகதி சொல்லுங்கள். பொங்கலுக்குப் பத்து நாளுக்கு முன் புது ஓடரை நிறுத்திவிடுங்கள். அந்தப் பத்து நாளும் திருத்தத்துக்குத் திரும்பி வருபவற்றுக்கு வேண்டும்.