'ரெப்ளிகாஸ்' கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிரிட்டிஷ் இசைக்குழுவான டியூப்வே ஆர்மியின் 'ரெப்ளிகாஸ்' ஆல்பம் பற்றிப் பேச்செடுத்தாலே, "பிளேட் ரன்னர் பார்த்துப் போட்டதுதானே?" என்று யாராவது கேட்டுவிடுகிறார்கள். ஆல்பம் வந்தது 1979 ஏப்ரலில், படம் வந்தது 1982இல். இரண்டுக்கும் பின்னால் இருப்பவர் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஃபிலிப் கே. டிக். அவரைப் படித்துக் கிறங்கிய குழுவின் பாடகர் கேரி நியூமன், தான் எழுதி வைத்திருந்த கதைகளையே பாட்டாக்கினார்.

அடுத்த குழப்பம் நியூமனின் புகழ்பெற்ற பாட்டான 'கார்ஸ்'. அந்தப் பாட்டு இதில் இல்லை. அதே ஆண்டு செப்டம்பரில் நியூமன் தன் பெயரில் வெளியிட்ட 'தி பிளஷர் பிரின்சிபிள்' ஆல்பத்தில்தான் இருக்கிறது. கிடாரே இல்லாத ஆல்பம் அது. அதை மனதில் வைத்துக்கொண்டு இதையும் வெறும் சிந்தசைசர் (மின்னணு இசைக்கருவி) இசை என்று எழுதிவிடுகிறார்கள். 'தி மேக்மேன்' பாட்டை ஒருமுறை போட்டுக் கேளுங்கள், கிடார் அறையும். அதில் டிரம்ஸும் இயந்திரம் அல்ல. வாசித்தவர் நியூமனின் மாமா ஜெஸ் லிட்யார்ட்.

என்னை அதிகம் வருத்தும் தவறு வேறு. இந்த ஆல்பத்தில் வரும் 'ஆர் "ஃப்ரெண்ட்ஸ்" எலக்ட்ரிக்?' பாட்டின் தலைப்பில் உள்ள மேற்கோள் குறியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பாட்டின் உயிரே அந்தக் குறியில்தான் இருக்கிறது. இயந்திரங்கள் ஆளும் வருங்கால லண்டனில், 'ஃப்ரெண்ட்' என்பது தனிமையில் கிடப்பவன் வீட்டுக்கு வரவழைத்துக்கொள்ளும் இயந்திரத் துணை. பாடுகிறவனின் 'ஃப்ரெண்ட்' பழுதாகிவிட்டது. நேசிக்க இனி யாருமில்லை. இது தெரியாமல் கேட்டால் அந்தக் குரல் வறட்டுக் குரலாகத்தான் படும். தெரிந்து கேட்டால், அழவும் தெரியாதவனின் துக்கம் கேட்கும். நடுவில் வரும் பேச்சுப் பகுதிகளைத் தாண்டி ஓட்டிவிடாதீர்கள். முடிக்க முடியாமல் கிடந்த இரண்டு பாட்டுகளை ஒட்டித்தான் இதை உருவாக்கினேன் என்று நியூமனே சொல்லியிருக்கிறார். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஓடும், கூடச் சேர்ந்து பாடப் பல்லவி கிடையாது. அப்படியும் பிரிட்டனில் நான்கு வாரம் முதலிடத்தில் இருந்தது!

மறுபதிப்புகளில் கடைசியில் கூடுதல் பாட்டுகளைச் சேர்த்திருப்பார்கள். முதல் தடவை அவற்றைக் கேட்க வேண்டாம். 1979 இசைத்தட்டில் இருந்தவை பத்தே பாட்டுகள். கடைசி இரண்டிலும் பாடல் வரிகளே இல்லை. மனிதக் குரல் ஓய்ந்து, 'ஐ நியர்லி மேரீட் எ ஹ்யூமன்' மெல்ல ஊர்ந்து அடங்கும். அடுத்த பாட்டு தானாக ஓடத் தொடங்குவதற்குள் நிறுத்திவிடுங்கள்.