பழைய பொருளை இணையத்தில் வாங்கும்போது ‘கண்டிஷன்’ பார்ப்பது எப்படி? (தென்னாப்பிரிக்காவில் இருப்பவர்களுக்கு)

வேலை மாற்றலாகி டர்பனுக்கோ ஜோஹன்னஸ்பர்க்குக்கோ குடும்பத்தோடு வந்து இறங்குபவர்கள் எல்லாவற்றையும் புதிதாக வாங்கிவிட முடிவதில்லை. ஃப்ரிட்ஜ், மைக்ரோவேவ், பிள்ளைக்கு ஒரு லேப்டாப் என்று பட்டியல் நீளும். கம்ட்ரீ, ஃபேஸ்புக் மார்க்கெட்பிளேஸ், பாப் ஷாப் என்று தேட ஆரம்பித்தால் எல்லாப் பொருளுக்கும் பக்கத்தில் ஒரு சொல் இருக்கும்: ‘எக்ஸலன்ட்’, ‘வெரி குட்’, ‘கிரேடு பி’. புதிதாக வாங்க வருபவர்கள் அந்தச் சொல்லை நம்பித்தான் பணம் கொடுக்கிறார்கள். அதை எப்படிப் படிப்பது, அதற்கு மேல் என்ன கேட்பது என்று பார்க்கலாம்.

படி 1: அந்தச் சொல்லுக்கு மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

‘குட்’ என்று தனியாகப் படித்தால் நல்ல பொருள் என்றுதான் தோன்றும். பழைய புத்தக வியாபாரிகளின் வரிசையைப் பாருங்கள்: ஃபைன், வெரி குட், குட், ஃபேர், புவர். இதில் ‘குட்’ நடுவில் நிற்கிறது. பக்கங்கள் எல்லாம் இருக்கும், ஆனால் அட்டை தேய்ந்து, மூலை மடங்கி, நன்றாகப் புழங்கிய புத்தகமாக இருக்கும். படிப்பதற்கு அது போதும். பரிசாகக் கொடுக்க வேண்டுமென்றால் போதாது.

இசைத்தட்டில் இது இன்னும் கடுமை. தாத்தா காலத்துத் தமிழ் எல்பி தேடுபவர்கள் டர்பனின் சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் இன்னும் இருப்பார்கள், அவர்களுக்காகச் சொல்கிறேன். உலகம் முழுக்கப் பரவலாகப் பயன்படும் கோல்ட்மைன் தரவரிசையில் மின்ட், நியர் மின்ட், வெரி குட் பிளஸ், வெரி குட் ஆகிய எல்லாவற்றுக்கும் கீழேதான் ‘குட்’ வருகிறது. அந்தத் தட்டு ஊசி தாண்டாமல் ஓடும், ஆனால் கீறலும் இரைச்சலும் தாராளமாகக் கேட்கும். ‘வெரி குட்’ தட்டிலேயே பாட்டு மெல்லிசாகும் இடங்களில் சரசரப்பு வரும். ஆலாபனை கேட்க வாங்குபவர் ‘வெரி குட் பிளஸ்’ஸுக்குக் கீழே இறங்காமல் இருப்பது நல்லது.

செல்போனுக்கும் லேப்டாப்புக்கும் இப்படி ஊரறிந்த ஒரே அளவுகோல் கிடையாது. ஏ, பி, சி என்ற எழுத்துகளுக்கு ஒவ்வொரு கடையும் தனக்கென்று ஒரு விளக்கம் வைத்திருக்கும். அந்தத் தளத்தின் விளக்கப் பக்கத்தைத் திறந்து படித்துவிட்டு, அப்புறம் விலையைப் பாருங்கள்.

படி 2: அந்தத் தரம் தோற்றத்துக்கா, வேலை செய்வதற்கா?

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. மின்னணுப் பொருட்களுக்குத் தரும் ‘கிரேடு’ பெரும்பாலும் மேல்தோற்றத்தை மட்டுமே சொல்கிறது: திரையில் கீறல் உண்டா, விளிம்பு நசுங்கியிருக்கிறதா. பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும் என்று அந்த எழுத்து சொல்லாது. கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் ‘கிரேடு ஏ’ போன் மத்தியானத்துக்குள் சார்ஜ் இறங்கிப் போகலாம். முதுகில் கீறல் விழுந்த ‘கிரேடு சி’ போனில் பேட்டரி புதிதாக மாற்றியிருக்கலாம். உறை போட்டுப் பயன்படுத்துபவருக்கு இரண்டாவதுதான் லாபம்.

அதனால் பேட்டரியைத் தனியாகக் கேளுங்கள். ஐபோனில் செட்டிங்ஸில் பேட்டரி ஹெல்த் சதவீதம் இருக்கும். 500 முறை முழுமையாகச் சார்ஜ் ஆன பிறகும் 80 சதவீதக் கொள்ளளவு நிற்கும்படி வடிவமைத்திருப்பதாக ஆப்பிள் சொல்கிறது. ஐபோன் 15 முதல் அந்தக் கணக்கு 1000 முறை. 80-க்குக் கீழே இருந்தால் பேட்டரி மாற்றும் செலவையும் விலையோடு கூட்டிப் பாருங்கள். விண்டோஸ் லேப்டாப் என்றால் பேட்டரி ரிப்போர்ட்டை அனுப்பச் சொல்லுங்கள். தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது முழுச் சார்ஜில் நிற்கும் கொள்ளளவும் அதில் பக்கத்தில் பக்கத்தில் வரும்.

இன்னும் சில சொற்கள். ‘ஓப்பன் பாக்ஸ்’ என்றால் பெட்டி திறந்தது, பெரும்பாலும் பயன்படுத்தாதது. ‘ரீஃபர்பிஷ்டு’ என்றால் சோதித்து, தேவையானதைச் சரிசெய்து விற்பது. சரிசெய்தவர் யார், வாரன்டி எத்தனை மாதம் என்று கேட்க வேண்டும். ‘ஃபார் பார்ட்ஸ்’ என்றிருந்தால் அது ஓடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 3: ஒற்றைச் சொல்லை முழு வாக்கியமாக எழுதி வாங்குங்கள்

ஊர் திரும்பும் நம் குடும்பங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் பொருட்களை விற்பார்கள். வெட் கிரைண்டரையே எடுத்துக்கொள்வோம். ‘குட் கண்டிஷன்’ என்று ஒரு படம் வரும். வெறுமனே ஓடவிட்டுக் காட்டினால் எந்தக் கிரைண்டரும் நன்றாகத்தான் ஓடும். பெல்ட் தளர்ந்திருந்தால் அரிசி விழுந்ததும்தான் இழுக்க முடியாமல் திணறும். அதனால் இப்படி எழுதுங்கள்:

“அண்ணா, ஊறவெச்ச அரிசி போட்டு ஓடுற மாதிரி ஒரு சின்ன வீடியோ அனுப்ப முடியுமா? டிரம் அடியில தண்ணி கசியுதான்னும் பார்க்கணும். பெல்ட் எப்ப மாத்துனீங்க?”

பிளக்கையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மின்சாரம் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ்தான், ஆகவே மோட்டாருக்குத் தொந்தரவில்லை. ஆனால் ஊரிலிருந்து வந்த சின்ன மூன்று பின் பிளக் இங்குள்ள பெரிய உருண்டைத் துளைகளில் நிற்காது. யாராவது வயரை வெட்டிப் புதுப் பிளக் போட்டிருந்தால், எர்த் வயரையும் சேர்த்து மாட்டியிருக்கிறார்களா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். தண்ணீரோடு புழங்கும் சாதனம், இதில் அலட்சியம் கூடாது.

ஃப்ரிட்ஜ், டிவி வாங்கும்போது லோட்ஷெடிங் (முறைவைத்துச் செய்யும் மின்வெட்டு) நாட்களில் சர்ஜ் புரொடெக்டர் போட்டிருந்தார்களா என்று ஒரு கேள்வி. போன மின்சாரம் திரும்பி வரும்போது எகிறும் அழுத்தம் கம்ப்ரஸரையும் சர்க்யூட் போர்டையும் கெடுக்கும், வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது.

படி 4: விற்பவர் கடைக்காரரா, தனியாளா?

இங்கே நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008 உங்கள் பக்கம் இருக்கிறது. வியாபாரமாக விற்பவரிடம் வாங்கிய பொருள், பழையதாகவே இருந்தாலும், கைக்கு வந்த 6 மாதத்துக்குள் பழுதானால் திருப்பிக் கொடுக்கலாம். பழுதுபார்த்துத் தருவதா, மாற்றித் தருவதா, பணத்தைத் திருப்புவதா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. ஏலத்தில் எடுத்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு குறிப்பிட்ட குறையை வெளிப்படையாகச் சொல்லி, நீங்களும் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு வாங்கினால், அந்தக் குறைக்காகப் பின்னால் திரும்பிப் போக முடியாது. ‘ஸ்பீக்கர் வேலை செய்யாது’ என்று விளம்பரத்தில் எழுதியிருந்தால் ஸ்பீக்கர் கதை அங்கேயே முடிந்தது. கண்டிஷன் குறிப்பைக் கடைசி வரி வரை படிக்கச் சொல்வது இதனால்தான்.

தனியாள் தன் வீட்டுப் பொருளை விற்றால் இந்தச் சட்டம் வராது. ‘ஃபூட்ஸ்டூட்ஸ்’ என்று போட்டிருப்பார்கள்: இருக்கிற நிலையிலேயே எடுத்துக்கொள், மறைந்திருக்கும் பழுதுக்கு நான் பொறுப்பில்லை என்று அர்த்தம். தெரிந்தே பழுதை மறைத்து ஏமாற்றினால் அந்தச் சொல் அவரைக் காப்பாற்றாது. ஆனால் அவருக்குத் தெரியும் என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். படி 3-ல் எழுதி வாங்கிய பதில்கள் இங்கே கைகொடுக்கும், வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

கடைக்காரரிடம் இணையம் வழியே வாங்கியிருந்தால் இன்னொரு வழியும் உண்டு. 2002-ஆம் ஆண்டின் மின்னணுப் பரிவர்த்தனைச் சட்டப்படி, பொருள் கைக்கு வந்த 7 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். திருப்பி அனுப்பும் கூலி மட்டும் உங்களுடையது. இதிலும் ஏலம் சேராது.

படி 5: கையில் வாங்கும்போது

பகலில், ஆள் நடமாட்டம் உள்ள மாலில் சந்தியுங்கள். பார்க்கும் முன் ‘டெபாசிட்’ கேட்டால் விட்டுவிடுங்கள், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி.

போன் என்றால் *#06# அடித்து வரும் ஐஎம்இஐ எண் (அந்தப் போனுக்கே உரிய அடையாள எண்) பெட்டியிலும் ரசீதிலும் உள்ள எண்ணோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கால் செய்யுங்கள். வெள்ளைப் படம் ஒன்றைத் திரை முழுக்க வைத்தால் பழைய கீபோர்டின் நிழல், மஞ்சள் திட்டு எல்லாம் தெரியும். பின்மூடி லேசாக உப்பியிருந்தால் பேட்டரி வீங்கியிருக்கிறது, வாங்க வேண்டாம். கடைசியாக, விற்பவர் தன் ஆப்பிள் அல்லது கூகுள் கணக்கிலிருந்து உங்கள் கண்ணெதிரே வெளியேறி, போனை ரீசெட் செய்து, புதுப் போன் போல ‘ஹலோ’ திரை வந்து, பழைய கணக்கின் பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே போன பிறகு இஎஃப்டியில் (வங்கிக் கணக்கு வழியாக) பணம் அனுப்புங்கள்.

கூரியரில் வந்தால் பெட்டியைப் பிரிக்கும் முன்பே வீடியோவை ஓடவிடுங்கள். விளம்பரத்தில் சொன்ன கண்டிஷனுக்கும் வந்ததற்கும் வித்தியாசம் இருந்தால், படத்தோடு அன்றைக்கே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.